மாதிரி விமானத்தின் டீசல் எஞ்சின்: பறக்கையில் தயங்குவது ஏன்?

கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு எஞ்சினின் ஓசை புதிதன்று. பைகாரா மின்சாரம் 1930-களில் கோவைக்கு வந்த பின்னரும், கம்பி எட்டாத தோட்டங்களில் நெடுங்காலம் கிணற்று நீரை மேலேற்றியவை ஆயில் எஞ்சின்களே. வரப்பின்மேல் நின்றவாறு, தொலைவில் ஓடும் எஞ்சினின் ஓசையை மட்டும் செவிமடுத்து, "தண்ணி விட்டுப்போச்சு, எஞ்சின் வெறுமனே ஓடுது" என்று சொல்லிவிடக்கூடிய குடியானவர்களை என் இளமையில் கண்டிருக்கிறேன். எஞ்சினைத் தொடாமலும், அருகே செல்லாமலும், சுமை குறைந்ததை ஓசையின் மாறுதலால் அறிந்துகொண்டார்கள். அந்த அறிவு சிறிதளவு வாய்த்திருந்தால் நான் ஒரு பெருந்தவற்றினின்று தப்பியிருப்பேன். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட எஞ்சின் உள்ளங்கையில் அடங்குவது. மாதிரி விமானங்களின் மூக்கில் பொருத்தப்படும் டீசல் எஞ்சின் அது. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியில் வெற்றியுடன் ஓட்டிக் காட்டிய எஞ்சின் ஆளுயரத்தினும் பெரியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்த குட்டி எஞ்சின்களும், போருக்குப்பின் இங்கிலாந்தில் செய்யப்பட்ட மில்ஸ் போன்றவையும் அதே பெயரைச் சூடிக்கொண்டன. நம் நாட்டிலும் கல்கத்தாவில் அரோரா என்னும் பெயரில் இவ்வகை எஞ்சின்கள் செய்யப்பட்டன. 1948-இல் தோன்றிய தேசிய மாணவர் படைக்கு 1950-இல் விமானப் பிரிவு ஏற்பட்டது. அப்பிரிவின் பயிற்சியில் மாதிரி விமானம் செய்தலும் பறக்கவிடுதலும் இடம்பெற்றன. என்னைப் போன்ற பள்ளி ஆசிரியர்களின் கைக்கு இந்த எஞ்சின் வந்து சேர்ந்தது அந்த வழியில்தான்.

பெயர் ஒன்றாயினும் பிறப்பு வேறு. தோட்டத்து டீசல் எஞ்சின் முதலில் காற்றை மட்டும் உள்ளிழுத்து அமுக்குகிறது. காற்று பழுக்கச் சூடேறியபின் எண்ணெய் பீச்சப்படுகிறது. குட்டி எஞ்சினுக்கு அத்தகைய பீச்சுங் கருவி கிடையாது. எரிபொருளையும் காற்றையும் வெளியிலேயே கலந்து உள்ளிழுத்து, அந்தக் கலவையையே அமுக்கித் தீப்பிடிக்கச் செய்கிறது. மின்பொறி தரும் பிளக்கும் இல்லை. அமுக்கத்தால் விளையும் வெப்பம் ஒன்றே தீக்குச்சி. இந்தக் குறைந்த ஏற்பாட்டில் தீப்பற்ற வேண்டுமாயின், எளிதில் பற்றும் பொருள் ஒன்று கலவையில் இருந்தாக வேண்டும். அதுவே ஈதர். சுமார் 160 முதல் 180 பாகை சென்டிகிரேடில் அது தானாகவே பற்றிக்கொள்ளும். உடன் சேர்வன சீமெண்ணெயும் விளக்கெண்ணெயும். சீமெண்ணெய் வலிமை தருகிறது. நம் ஊரில் கொட்டமுத்து என்று வழங்கும் ஆமணக்கிலிருந்து எடுக்கும் விளக்கெண்ணெய் தேய்மானத்தைத் தடுக்கிறது. மூன்றையும் சம பங்காகக் கலப்பது பழைய எஞ்சின்களுக்கு உரிய முறை. சிலர் எரிதல் சீராக இருக்கும்பொருட்டு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு அமைல் நைட்ரேட்டும் சேர்ப்பார்கள்.

இந்த எஞ்சினைக் கட்டுப்படுத்த இரண்டே பிடிகள் உள்ளன. ஒன்று ஊசி வால்வு; உட்செல்லும் எரிபொருளின் அளவை அது தீர்மானிக்கிறது. மற்றொன்று எஞ்சினின் தலையில் குறுக்குக் கம்பியுடன் நிற்கும் அமுக்கத் திருகு. சிலிண்டரின் உச்சியில் தலைகீழாய் அமர்ந்திருக்கும் எதிர்ப் பிஸ்டனை அது கீழே தள்ளுகிறது. திருகை இறுக்கினால் எரியறை சுருங்கி அமுக்கம் மிகும், தளர்த்தினால் குறையும். இரண்டே பிடிகள்தாமே என்று எண்ணவேண்டாம். ஒன்றின் குறையை மற்றொன்றால் மூடி மறைத்துவிடலாம் என்பதே இதிலுள்ள இடர்ப்பாடு. கலவை நீர்த்துப்போனாலும், எரிபொருள் போதாமற் போனாலும், அமுக்கம் குறைந்தாலும், மிகுந்தாலும் மாணவன் நம்மிடம் வந்து சொல்வது ஒரே வாக்கியந்தான்: "தரையிலே நல்லா ஓடுது சார், மேலே போனா திணறுது."

ஒருவர் காய்ச்சல் என்று வந்தால் வைத்தியர் முதலில் கேட்பது, "எப்போது காய்கிறது, காலையிலா, மாலையிலா?" என்பதே அன்றோ? எஞ்சினுக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். எழும்பியவுடன் திணறிற்றா? நடுவிலா? எரிபொருள் தீரும் தறுவாயிலா? அன்றி, நேரம் காலமின்றி விட்டுவிட்டா? விடை கிடைக்கும்வரை எந்தத் திருகையும் தொடலாகாது.

எழும்பியவுடனேயே வேகம் தளர்ந்து ஒலி மங்கினால், தரைக்கும் வானுக்கும் உள்ள வேற்றுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். தரையில் நாம் விமானத்தைப் பிடித்துக்கொண்டிருக்கையில் விசிறி நின்ற இடத்திலேயே காற்றை வாரித் தள்ளுகிறது. அது பெருஞ்சுமை. பறக்கத் தொடங்கியதும் காற்று தானே எதிர்கொண்டு வருவதால் சுமை குறைகிறது; எஞ்சின் முன்னிலும் விரைவாய்ச் சுழல்கிறது. வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடுவது வழக்கம். தண்ணீர் விட்டுப்போன கிணற்று எஞ்சினின் கதையே இதுவும். கூடிய வேகத்துக்குக் கூடிய எரிபொருள் வேண்டும். தரையிலேயே உச்ச வேகம் வரும்வரை ஊசி வால்வை மூடி வைத்தவனுக்கு, வானில் எரிபொருள் போதாமற் போகிறது. ஆகவே தரையில் சிறிது மிகையாக, ஓசை சற்றே கரகரப்பாக இருக்கும்படி விட்டுவைப்பதே முறை.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஓடும் எஞ்சினுடன் விமானத்தை ஒருவர் பின்புறமிருந்து உறுதியாகப் பற்றி, மூக்கை வானை நோக்கி உயர்த்திப் பிடிக்கவேண்டும். விசிறி சுழலும் தளத்தில் ஒருவருமே நிற்கலாகாது. விரலும் முகமும் எப்போதும் பின்னால் இருக்கட்டும். மூக்கு உயர்ந்ததும் எரிபொருள் தொட்டியிலிருந்து மேல்நோக்கி ஏற வேண்டியிருப்பதால் கலவை மெலிகிறது. அப்போது கரகரப்பு நீங்கி ஓசை தெளிந்தால் சரியான அளவு. தெளிவதற்குப் பதில் வாடினால் ஊசி வால்வைச் சிறிது திறக்கவேண்டும்.

இனி, நடுவில் திணறும் எஞ்சின். நம் பள்ளிகளில் பெரிதும் பறக்கவிடப்பட்டவை கம்பிக் கட்டுப்பாட்டு விமானங்கள். ஆட்டுவிப்பவன் நடுவில் நிற்க, இரண்டு மெல்லிய கம்பிகளின் முனையில் விமானம் வட்டமிடும். கணக்கு ஆசிரியனாதலால் ஒரு சிறு கணக்கைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. கம்பி 15 மீட்டர், வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர் என்று கொள்வோம். அஃதாவது வினாடிக்கு 20 மீட்டர். இருபதின் வர்க்கம் 400. அதைப் பதினைந்தால் வகுத்தால் சுமார் 27. பூமியின் ஈர்ப்பு சுமார் 10. எனவே விமானத்திலுள்ள ஒவ்வொரு பொருளும், தொட்டியிலுள்ள எரிபொருள் உட்பட, தன் எடையைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்கு விசையோடு வட்டத்தின் வெளிப்புறம் தள்ளப்படுகிறது. பறக்கும் எரிபொருளுக்குக் 'கீழ்' என்பது தரை அன்று. வட்டத்தின் வெளிப்புறமே கீழ்.

ஆகவே தொட்டி, ஊசி வால்வின் நேரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வெளிப்புறமாக அமைந்துவிட்டால், எஞ்சின் அந்த ஒரு சென்டிமீட்டரை 2.7 மடங்கு பளுவோடு உறிஞ்சி ஏற்ற வேண்டும். தரையில் இந்தக் குறை தெரியாது. தொட்டி உட்புறமாக இருந்தாலோ எரிபொருள் தானே பாய்ந்து எஞ்சினைத் திக்குமுக்காடச் செய்யும். தொட்டியின் நடுவும் ஊசி வால்வும் ஒரே நேரில் இருக்கவேண்டும் என்பதன் காரணம் இதுவே. அப்படியிருந்தும், தொட்டி வற்ற வற்ற எரிபொருளின் மட்டம் வெளிப்புறம் நகர்வதால், கடைசிச் சுற்றுகளில் கலவை ஓரளவு மெலியத்தான் செய்யும். தொட்டி தீரும் தறுவாயில் வரும் திணறலுக்குப் பெரும்பாலும் இதைத்தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஒடுக்கமான தொட்டியைப் பொருத்தினால் அதுவும் குறையும்.

விட்டுவிட்டுத் திணறினால் குழாயைப் பாருங்கள். ஒளி ஊடுருவும் குழாயாயின் உள்ளே காற்றுக்குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். விசிறி சமனாக இல்லாவிடினும், எஞ்சினைப் பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலும் அதிர்ச்சியால் எரிபொருள் நுரைத்துவிடும். ஊசி முனையிலோ குழாயின் வளைவிலோ ஊசித் துளையளவு ஓட்டை இருந்தாலும் காற்றுப் புகும். எங்கள் காலத்தில் நல்ல குழாய் கிடைக்காமல் சைக்கிள் வால்வு டியூப்பைச் செருகிப் பறக்கவிட்டோம். சீமெண்ணெய் பட்டதும் அந்த ரப்பர் ஊறிப் பருத்து, பிறகு உறிஞ்சும்போது உள்வாங்கி வழியை அடைத்துக்கொள்ளும். ஈதரும் சீமெண்ணெயும் கலந்த எரிபொருளுக்குச் சிலிக்கோன் குழாயும் ஆகாது. நியோப்ரீன் குழாயே தாங்கும். அமுக்கத் திருகு அதிர்ச்சியில் தானே தளர்ந்து, நன்றாகப் பறந்த விமானம் மூன்றாம் நான்காம் சுற்றில் பொரிந்து தள்ளுவதும் உண்டு. இறங்கியபின் குறுக்குக் கம்பி நாம் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எல்லாவற்றிலும் கோவைக்காரர்கள் கவனிக்கவேண்டியது வெயில். பாலக்காட்டுக் கணவாயின் காற்று நம்மைக் குளிர்விக்கிறது என்று பெருமை பேசுகிறோம். அது மெய்யே. ஆயினும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நண்பகலில் வெப்பம் 35 பாகையைத் தாண்டுகிறது. ஈதரின் கொதிநிலை எவ்வளவு தெரியுமோ? 34.6 பாகை! திறந்த கிண்ணத்தில் வைத்த ஈதர் நம் மைதானத்தில் அடுப்பின்றியே கொதிக்கும். சீமெண்ணெயோடும் விளக்கெண்ணெயோடும் கலந்திருக்கையில் அது அவ்வளவு எளிதாகக் கொதிப்பதில்லை. கலவைக்கு ஐம்பது பாகையை ஒட்டிய வெப்பம் வேண்டும். ஆனால் வெயிலில் கிடக்கும் தகரத் தொட்டி அந்தச் சூட்டை அடைய எவ்வளவு நேரம் ஆகும்? கொதிக்காவிடினும், மூடி சரியாக இறுகாத டப்பாவிலிருந்து ஈதர் மட்டும் ஓசையின்றிப் பறந்துகொண்டே இருக்கும். காலையில் மூன்றில் ஒரு பங்கு ஈதர் இருந்த கலவை நண்பகலில் வேறொரு பொருளாகிவிடுகிறது. பார்வைக்கு நிறம் மாறுவதில்லை. டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டும் மாறுவதில்லை.

ஈதரைக் குறித்து எச்சரிக்கையும் சொல்லிவிடவேண்டும். அதன் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டிப் பற்றும். 1846-ஆம் ஆண்டு முதல் அறுவை மருத்துவத்தில் மயக்கமூட்டப் பயன்பட்ட பொருள் அது என்பதையும் மறக்கலாகாது. நெடுநாள் வைத்திருந்தால் வெடிக்கக்கூடிய பொருள்கள் அதில் விளைவதும் உண்டு. ஆதலால் பெரியவர் ஒருவர் முன்னிலையில், நிழலும் காற்றோட்டமும் உள்ள வெளியிடத்தில், தேவைக்குச் சிறிதளவே கலக்கவேண்டும். கறுத்த புட்டியில் இறுக மூடி, வீட்டுக்கு வெளியே குளிர்ந்த இடத்தில் வைக்கவேண்டும்.

இனி, நான் முன்னர்க் குறிப்பிட்ட தவறு. 1988-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதி. பொள்ளாச்சிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் இளம் ஆசிரியன். விமானப் பிரிவு மாணவர்களின் பொறுப்பும் என்னுடையது. எங்களிடம் இருந்தது ஒரே எஞ்சின். அடுத்த வாரம் முகாமுக்கான தேர்வு. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்று மாதம் விடியற்காலையில் வந்து பழகியிருந்தான். அன்று காலை ஏழு மணிக்கு எஞ்சின் ஒரே தட்டில் எழுந்து குறையின்றி ஓடிற்று. பத்தரை மணிக்கு அதே எஞ்சின் எழ மறுத்தது, எழுந்தாலும் பொரிந்தது, மேலே சென்றதும் இடையிடையே விட்டுவிட்டு ஓடி இறங்கிற்று.

நான் அமுக்கத் திருகை இறுக்கினேன். சற்று நன்றாக ஓடிற்று. மீண்டும் இறுக்கினேன். ஈதர் குறைந்த கலவை பற்றுவதற்குக் கூடுதல் அமுக்கம் தேவைப்பட்டது. நான் அறியாமலே அதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தரையில் குளிர்ந்திருந்தபோது அது பொருத்தமாகத் தோன்றிற்று. பறந்து சூடேறியதும் அதே அமுக்கம் மிகையாகி, எஞ்சின் பளு தூக்குபவனைப்போல் முக்கி முனகத் தொடங்கிற்று. புகைபோக்கியில் வழிந்த எண்ணெய் கருத்திருந்தது. அது மிகை அமுக்கத்தின் அடையாளம் என்பது எனக்குத் தெரிந்ததே. தெரிந்தும், திணறுகிறது, ஆகவே இன்னும் இறுக்கவேண்டும் என்றே என் கை சொல்லிற்று.

அந்தப் பையன் எரிபொருள் டப்பாவின் அருகே குந்தியிருந்தான். "சார், காலைல இருந்த ஈதர் வாசம் இப்ப இல்லீங்க சார். டப்பா வெயில்லயே இருந்துச்சுங்க" என்றான். "மோந்து பார்த்து எஞ்சின் ஓட்டுகிறாயா? தள்ளி நில்" என்று நான் அதட்டினேன். மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். அவன் தள்ளி நின்றான்.

திரும்பத் திரும்ப விசிறியைத் தட்டியதில் எஞ்சினுக்குள் எரிபொருள் மிகுதியாய்த் தேங்கிவிட்டது. காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க இயலாது. விசிறி ஓரிடத்தில் திண்ணென்று நின்றது. அந்நிலையில் செய்யவேண்டியது, அமுக்கத் திருகைத் தளர்த்தி, எஞ்சினைக் கவிழ்த்து, தேங்கியதை வடியவிடுவதுதான். நான் பலங்கொண்ட மட்டும் சுற்றினேன். உள்ளே ஏதோ இளகிய உணர்ச்சி கையில் தட்டிற்று. பிரித்துப் பார்த்தபோது பிஸ்டனையும் வளைதண்டையும் இணைக்கும் தண்டு வளைந்திருந்தது.

அமுக்கத்தைச் சரிபார்க்கும் முறையை அதற்குப்பின்தான் பழகிக்கொண்டேன். எஞ்சின் நன்கு சூடேறிய பிறகு திருகை அரைக்கால் சுற்று அளவாகத் தளர்த்திக்கொண்டே வரவேண்டும். தளர்த்தும்போது வேகம் கூடினால் முன்பு மிகையாக இருந்தது என்று பொருள். பொரியத் தொடங்கும் இடம் வந்ததும், அது நீங்கும் அளவுக்கு மட்டும் திரும்ப இறுக்கவேண்டும். தளர்த்தும்போது எதிர்ப் பிஸ்டன் உடனே மேலே வராமல் ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. ஓரிரு வெடிப்புகளில் அது தானே எழுந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு பிடியை மட்டும் மாற்றி, பயனில்லையெனில் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டு, பிறகு அடுத்ததைத் தொடவேண்டும். முன்பைவிடக் கூடுதலாக இறுக்கினால்தான் எஞ்சின் எழும் என்ற நிலை வந்தால், திருகை விட்டுவிட்டுப் புதிய எரிபொருளை ஊற்றிப் பார்க்கவேண்டும்.

வளைந்த தண்டுக்கு மாற்று எங்கும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை மாலை, அந்தப் பையனையும் அழைத்துக்கொண்டு கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குச் சென்றேன். பம்பு உதிரிகளுக்கு நடுவே, விரல் நீளங்கூட இல்லாத அந்தத் தண்டை மேஸ்திரி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டியூராலுமின் துண்டு ஒன்றிலிருந்து புதிதாய்ச் செய்துவிடலாம், ஆனால் பத்து நாள் ஆகும் என்றார். பிறகு பையனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இப்படி முறுக்குனது யாருங்க?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். "டப்பாவிலே ஈதர் போய்விட்டது என்று இவன் சொன்னான், நான் கேட்கவில்லை."

பையன் லேத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பத்து நாள் கழித்துத் தண்டு வந்தது. தேர்வு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புதிய எரிபொருளை அவனே கலந்தான். ஊற்றியதும் டப்பாவின் தக்கையை இறுக அழுத்தி, வேப்பமர நிழலில் ஈரச் சாக்கின்மேல் வைத்துவிட்டு வந்தான். நான் விமானத்தைப் பிடித்துக்கொண்டேன். திருகின் பக்கம் கையைக் கொண்டுசெல்லவில்லை. இரண்டாம் தட்டில் எஞ்சின் எழுந்தது.